தட்டைப் படத்துக்குள் கேமரா நகர்வது எப்படி?

ஒரு நிலா வெளிச்ச இரவு. பண்ணை வீடு, வேலி, மரங்கள், மேலே முழுநிலா. எல்லாம் ஒரே தாளில் வரைந்த ஓவியம். கேமராவை அந்த ஓவியத்தை நோக்கி மெதுவாக நெருக்கினால் வீடு பெரிதாகும், வேலி பெரிதாகும், கூடவே நிலாவும் பெரிதாகிக்கொண்டே வரும். குட்டு உடைவது அங்கேதான். நிஜத்தில் ஒரு வீட்டை நோக்கி நூறு அடி நடந்தால் வீடு பெரிதாகத் தெரியும். நிலா இம்மியும் மாறாது. 1957ல் வால்ட் டிஸ்னி தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இந்த நிலாவைக் காட்டித்தான் தங்கள் ஸ்டுடியோவின் மல்டிபிளேன் கேமராவை விளக்கினார்.

அந்தக் கேமரா செய்தது இவ்வளவுதான். ஓவியத்தைப் பிரித்து, வேலியை ஒரு கண்ணாடியிலும் வீட்டை இன்னொரு கண்ணாடியிலும் வரைந்து, நிலாவை எல்லாவற்றுக்கும் பின்னால் வைத்தார்கள். தட்டுகளுக்கு நடுவே இடைவெளி விட்டார்கள். கேமரா உச்சியில் இருந்து கீழே பார்க்கும். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒவ்வொரு தட்டையும் தனித்தனி அளவில் நகர்த்தினார்கள். நிலாத் தட்டு நகரவே நகராது. 1937ல் வந்த 'தி ஓல்டு மில்' என்ற குறும்படத்தில் இதை முதலில் பயன்படுத்தினார்கள். அதே ஆண்டு இறுதியில் 'ஸ்னோ ஒயிட்' வந்தது. ஆனால் யோசனை டிஸ்னியின் சொந்தச் சரக்கு அல்ல. அதற்குப் பத்தாண்டு முன்பே, 1926ல் வெளியான 'இளவரசர் அக்மதின் சாகசங்கள்' படத்துக்காக ஜெர்மனியின் லோட்டே ரைனிகர் கண்ணாடித் தட்டுகளை அடுக்கி, நிழலுருவங்களை வெட்டி வைத்துப் படம் பிடித்திருந்தார். டிஸ்னியின் இயந்திரம் பிரம்மாண்டமாக இருந்ததால் புகழ் அங்கே போய்விட்டது.

இன்று காம்போசிட்டிங் மென்பொருளில், அதாவது பல படங்களை ஒரே ஷாட்டாகச் சேர்க்கும் மென்பொருளில், நாம் செய்வதும் அதேதான். கண்ணாடித் தட்டுக்குப் பதில் லேயர். நியூக் என்ற மென்பொருளில் அதற்குக் கார்டு என்று பெயர். ஃபியூஷனில் இமேஜ் பிளேன். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் லேயருக்குப் பக்கத்தில் இருக்கும் 3டி கட்டத்தைத் தட்டினால் போதும். படம் தட்டையாகவே இருக்கும், அது நிற்கும் இடம் மட்டும் முப்பரிமாணம். அதனால்தான் தொழிலில் இதை 2.5டி என்கிறார்கள்.

சரி, லேயர்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துவிட்டால் ஆழம் வந்துவிடுமா? வராது. புதிதாக வருகிறவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் இது. பத்து லேயரைப் பத்துத் தூரத்தில் சரியாக அடுக்கிவிட்டு, அசையாத கேமரா வழியாகப் பார்த்தால் கிடைப்பது பழைய தட்டைப் படமேதான். ஒரு பிக்சல்கூட மாறாது. கேமரா தன் இடத்தை விட்டு நகரும்போதுதான் ஆழம் பிறக்கிறது. பக்கத்தில் இருப்பது அதிகமாகவும் தூரத்தில் இருப்பது குறைவாகவும் விலகும். இந்த வித்தியாசத்துக்குப் பேரலாக்ஸ் என்று பெயர். 2.5டியில் மீதி எல்லாம் இதற்குப் பணிவிடை.

"இடத்தை விட்டு" என்று சொன்னதில் ஒரு கணக்கு இருக்கிறது. கேமராவை நின்ற இடத்திலேயே இடம் வலம் திருப்பினால் பேரலாக்ஸ் கிடையாது. லென்ஸை ஜூம் செய்தாலும் கிடையாது. ஜூம் செய்வது என்பது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது. நிலாவும் சேர்ந்தே பெரிதாகும். ஆக, ஒரு ஷாட்டில் கேமரா வெறுமனே திரும்புகிறது அல்லது ஜூம் ஆகிறது என்றால் கார்டுகளை அடுக்கிக்கொண்டு உட்காரத் தேவையே இல்லை. சாதாரண 2டியில் முடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

ஒரு கடற்கரைப் படம்

கணக்கோடு ஒன்றைச் செய்து பார்ப்போம். கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம், வகுத்தல் தெரிந்தால் போதும்.

கடற்கரையில் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணலில் ஒருவர் நிற்கிறார். அவருக்குப் பின்னால் கரையேற்றிய ஒரு படகு. அப்புறம் அலை, கடல், வானம். 1920 பிக்சல் அகலம். எடுத்தது ஃபுல் ஃபிரேம் கேமராவில், 50 மி.மீ. லென்ஸில். எடுத்தவர் கேமராவைக் கண்ணருகே, தரையில் இருந்து 1.6 மீட்டர் உயரத்தில், நேராகப் பிடித்திருக்கிறார். இந்த ஒற்றைப் படத்துக்குள் கேமரா அரை மீட்டர் வலப்பக்கம் நகர வேண்டும். இதுதான் வேலை.

முதலில் வேண்டியது லென்ஸின் ஃபோகல் லெங்த்தைப் பிக்சலில் சொல்லும் ஒரு எண். ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ. 1920ஐ 50ஆல் பெருக்கி 36ஆல் வகுத்தால் சுமார் 2667. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் 1920 அகல காம்பில் (காம்போசிஷன், லேயர்களை அடுக்கும் சட்டகம்) 50 மி.மீ. கேமரா போட்டால் ஜூம் என்ற இடத்தில் 2666.7 என்று வருமே, அது இதே எண்தான். பல வருஷம் வேலை செய்கிறவர்கள்கூட அதை ஏதோ மென்பொருளின் விசித்திரம் என்று நினைத்துக் கடந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். அந்த எண் கைக்கு வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அடுத்து, எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? "படகு கொஞ்சம் பின்னாடி" என்று குத்துமதிப்பாக இழுத்து வைப்பதுதான் வழக்கம். ஆனால் தரை சமமாக இருந்தால் தூரத்தைப் படமே சொல்லிவிடும். தொடுவானக் கோடு எப்போதும் கேமராவின் உயரத்தில்தான் இருக்கும். கடற்கரைப் படத்தில் அது கண்ணுக்கே தெரிகிறது: கடலும் வானமும் சேரும் கோடு. அந்தக் கோட்டில் இருந்து ஒரு பொருள் தரையைத் தொடும் இடம் எத்தனை பிக்சல் கீழே இருக்கிறது என்று அளக்க வேண்டும். 2667ஐ 1.6ஆல் பெருக்கினால் சுமார் 4267; அதை அந்தப் பிக்சல் எண்ணால் வகுத்தால் வருவது மீட்டரில் தூரம்.

நிற்பவரின் பாதம் தொடுவானத்துக்கு 427 பிக்சல் கீழே இருக்கிறது. 4267 வகுத்தல் 427, பத்து மீட்டர். படகின் அடிப்பாகம் 142 பிக்சல் கீழே: முப்பது மீட்டர். அலை மணலைத் தொடும் இடம் 71 பிக்சல் கீழே: அறுபது மீட்டர். இந்த உயரத்தில் இருந்து பார்க்கும்போது தொடுவானம் நான்கரை கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கும், நம் வேலைக்கு அது முடிவிலி. இது சரியா என்று சோதிக்கவும் வழி உண்டு. பத்து மீட்டரில் நிற்கும் 1.7 மீட்டர் உயர மனிதர் படத்தில் சுமார் 453 பிக்சல் உயரம் இருக்க வேண்டும். அளந்து பார்த்தால் 600 வருகிறது என்றால், ஒன்று கேமராவின் உயரத்தைத் தப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறோம், இல்லையென்றால் தரை சமமாக இல்லை. 

இப்போது கேமராவை அரை மீட்டர் வலப்பக்கம் நகர்த்தினால் எது எவ்வளவு விலகும்? நகர்வை 2667ஆல் பெருக்கி, தூரத்தால் வகுக்க வேண்டும். மனிதர் இடப்பக்கமாக 133 பிக்சல் விலகுவார். படகு 44 பிக்சல். அலைக்கோடு 22. வானம் சொல்லும்படி அசையாது. இந்த நாலு எண்ணும் சேர்ந்ததுதான் அந்த ஷாட்டின் ஆழம். மென்பொருள் இதை எப்படியும் தானாகச் செய்துவிடும். பிறகு எதற்கு நாம் போட்டுப் பார்க்கிறோம் என்றால், அடுத்த வேலை எவ்வளவு என்பதை இந்த எண்கள் முன்கூட்டியே சொல்லிவிடும்.

மறைந்திருந்ததை வரைவது

மனிதர் 133 விலகுகிறார், படகு 44தான் விலகுகிறது. ஆக அவருடைய வலப்பக்க ஓரத்தில் 89 பிக்சல் அகலத்துக்குப் படகின் ஒரு பகுதி புதிதாக வெளியே தெரியும். புகைப்படத்தில் அந்தப் பகுதி இல்லை, அவர் மறைத்துக்கொண்டிருந்தார். அதை யாராவது வரைந்தாக வேண்டும். பின்னணியில் இருந்து ஆளை எடுத்துவிட்டு, பின்னால் இருப்பதை வரைந்து நிரப்பிய படத்தைக் கிளீன் பிளேட் என்போம். 2.5டி வேலையில் நேரத்தைத் தின்பது இதுதான். கார்டு அடுக்குவது கால் மணி நேரம். ரோட்டோ போட்டு, அதாவது வெளிக்கோட்டைக் கையால் வரைந்து, ஆளை வெட்டுவதும் பின்னணியை வரைவதும் ஒரு நாள்.

இந்த வேலையில் இரண்டு துருவங்களைப் பார்க்கலாம். சிலர் ஒன்றுமே வரையாமல் விட்டுவிடுவார்கள். கேமரா நகர்ந்ததும் ஆளின் பின்னால் அவருடைய இன்னொரு தோள் எட்டிப் பார்க்கும். சிலர் படகு முழுவதையும், கயிறு, பலகை, பெயின்ட் உரிந்த இடம் என்று ஒன்று விடாமல் வரைந்து தீர்ப்பார்கள். இங்கே வேண்டியது 89 பிக்சல் பட்டை, கொஞ்சம் கூடுதலாக நூற்றிருபது. அதற்கு மேல் வரைவதை யாரும் பார்க்கப் போவதில்லை. அவர் தலைக்குப் பின்னால் வானம் தெரியும் இடத்தில் மட்டும் 133 வேண்டும். வானம்தானே, அது சுலபம்.

இதே கணக்கு படத்தின் விளிம்புக்கும் பொருந்தும். எல்லாம் இடப்பக்கம் விலகினால் வலது ஓரத்தில் காலி இடம் விழும். படகு லேயருக்கு 44 பிக்சல். ஃபிரேமின் அடியில், எட்டு மீட்டர் தூரத்தில் இருக்கும் மணலுக்கு 165 பிக்சலுக்கு மேல். இதைச் சமாளிக்க, வெளியீட்டு அளவைவிடப் பெரிய படத்தில் தொடங்குவது நல்லது. அது கைவசம் இல்லை என்றால், அசல் புகைப்படம் எடுத்த இடத்தை நகர்வின் தொடக்கமாக வைக்காமல் நடுவாக வைக்கலாம். கேமரா கால் மீட்டர் இடப்பக்கத்தில் தொடங்கி, அசல் இடத்தைக் கடந்து, கால் மீட்டர் வலப்பக்கத்தில் முடியட்டும். எந்தக் கணத்திலும் இட்டுக்கட்டிய பகுதி பாதிதான் தெரியும். நடு ஃபிரேமில் படம் அசலாகவே இருக்கும்.

கேமராவைப் பக்கவாட்டில் நகர்த்தாமல் உள்ளே இரண்டு மீட்டர் தள்ளினால்? மனிதர் பத்தில் இருந்து எட்டு மீட்டருக்கு வருகிறார், 25 சதவீதம் பெரிதாவார். படகு முப்பதில் இருந்து இருபத்தெட்டு, ஏழு சதவீதம். அலைக்கோடு மூன்று சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். வானத்தில் நிலா இருந்தால் அது அப்படியே. உள்ளே போகும் ஷாட்டில் கிளீன் பிளேட் தேவை குறைவு, ஏனென்றால் முன்னால் இருப்பவர் பெரிதாகிப் பின்னணியை இன்னும் மறைக்கத்தான் செய்வார். நாள் குறைவாக இருக்கும்போது நான் இயக்குநரிடம் உள்ளே தள்ளும் நகர்வைத்தான் முன்மொழிவேன். வெளியே இழுக்கும் நகர்வு நேர் எதிர். எல்லா ஓரத்திலும் வரைய வேண்டி வரும்.

மென்பொருளில் உட்காரும்போது

ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஒரு மீட்டருக்கு நூறு பிக்சல் என்று வைத்துக்கொண்டு, கேமராவை இசட் (ஆழத்தைச் சொல்லும் எண்) பூஜ்யத்தில் வைத்தால் கணக்கு சுலபம். மனிதரின் லேயர் இசட் 1000, படகு 3000, கடல் 6000. பின்னால் தள்ளியதும் லேயர் சின்னதாகத் தெரியும், பக்கத்தில் வந்தால் பெரிதாகும். அசல் படத்தோடு மறுபடி பொருந்த ஒவ்வொன்றின் ஸ்கேலையும் மாற்ற வேண்டும். தூரத்தை 2667ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் போதும்: மனிதருக்கு 37.5, படகுக்கு 112.5, கடலுக்கு 225 சதவீதம். 225 என்றதும் படம் உடைந்துவிடுமோ என்று பதற வேண்டாம். அது அவ்வளவு தூரத்தில் இருப்பதால் திரையில் தெரிவது பழைய அளவில்தான்.

இது பொருந்த ஒரு நிபந்தனை உண்டு. வெட்டிய லேயர்களை ஓரம் கத்தரித்துச் சின்னதாக்காமல், எல்லாவற்றையும் முழு ஃபிரேம் அளவிலேயே, சுற்றிலும் வெற்றிடத்தோடு வைத்திருக்க வேண்டும். அப்போதுதான் எல்லா லேயரின் மையமும் கேமராவின் நேர்க்கோட்டில் இருக்கும், ஸ்கேல் மாற்றும்போது எதுவும் இடம் மாறாது. எல்லாம் முடிந்ததும் கேமரா அசல் இடத்தில் நிற்கும் ஃபிரேமை எடுத்து, அசல் புகைப்படத்தை மேலே டிஃபரன்ஸ் மோடில், அதாவது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் காட்டும் முறையில், போட்டுப் பாருங்கள். கறுப்பாக வந்தால் சரி. எங்காவது வெள்ளைக் கோடு ஒளிர்ந்தால் அந்த லேயரின் எண்ணில் தப்பு இருக்கிறது.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் இரண்டு பொறிகளைச் சொல்லிவிடுகிறேன். அங்கே கேமரா போடும்போது ஒன்-நோடு, டூ-நோடு என்று கேட்கும். டூ-நோடு கேமரா ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதைப் பக்கவாட்டில் நகர்த்தினால் நகர்ந்தபடியே திரும்பவும் செய்யும். நீங்கள் போட்ட கணக்கு எதுவும் பொருந்தாது. நேரான நகர்வுக்கு ஒன்-நோடுதான். இன்னொன்று, 3டி லேயர்களுக்கு நடுவே டைம்லைனில் ஒரு 2டி லேயரோ அட்ஜஸ்ட்மென்ட் லேயரோ (கீழே இருப்பவற்றின் மேல் எஃபெக்ட் போடும் லேயர்) வந்து உட்கார்ந்தால் மேலே இருப்பவை ஒரு கூட்டமாகவும் கீழே இருப்பவை ஒரு கூட்டமாகவும் பிரிந்துவிடும். தூரத்தில் வைத்த படகு திடீரென்று ஆளுக்கு முன்னால் வந்து நிற்கும். இசட் எண்ணை எவ்வளவு மாற்றினாலும் சரியாகாது. தப்பு டைம்லைனில் இருக்கிறது.

நியூக்கில் இந்தத் தலைவலி இல்லை. அங்கே ஒவ்வொரு வேலையும் ஒரு பெட்டி, அதற்குப் பெயர் நோடு. கார்டுகளை ஒரு சீன் நோடில் சேர்த்து, கேமராவோடு ஸ்கேன்லைன் ரெண்டர் நோடில் செருகினால் எது முன், எது பின் என்பதை ஆழமே முடிவு செய்யும். ஆனால் இரண்டு கார்டை ஒரே ஆழத்தில் வைத்தால் எது முன்னால் என்று தெரியாமல் இரண்டும் மாறிமாறிப் பொரிந்துகொண்டிருக்கும். மயிரிழை இடைவெளியாவது விட வேண்டும். திசையிலும் ஒரு குழப்பம் உண்டு. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இசட் கூடக்கூடத் தூரம் போகும், ஒய் கீழ்நோக்கிக் கூடும். நியூக்கில் கேமரா மைனஸ் இசட் பக்கம் பார்க்கும், ஒய் மேல்நோக்கிக் கூடும். ஒன்றில் பழகிவிட்டு மற்றொன்றுக்குப் போகிறவர்கள் முதல் நாள் எல்லாவற்றையும் கேமராவுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் படம் ஏன் வரவில்லை என்று தேடுவார்கள். பழக இலவசமாக ஒன்று வேண்டும் என்றால் பிளெண்டர் இருக்கிறது, டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்புக்குள் ஃபியூஷன் இருக்கிறது.

கால் வழுக்குகிறது

இதுவரை மணலைப் பற்றி வசதியாகப் பேசாமல் வந்துவிட்டேன். ஆள் ஒரு தூரத்தில் நிற்கிறார், படகு ஒரு தூரத்தில் நிற்கிறது. மணல் எந்தத் தூரத்தில் நிற்கிறது? எட்டு மீட்டரில் தொடங்கி அறுபது வரை கிடக்கிறது. அதை நிமிர்ந்து நிற்கும் ஒரே கார்டில் ஒட்டி இருபது மீட்டரில் வைத்தால், கேமரா நகரும்போது ஆள் 133 பிக்சல் போவார், அவர் காலடி மணல் 67 பிக்சல்தான் போகும். பனிச்சறுக்குப் போல அவர் கால் மணலில் வழுக்கிக்கொண்டே போவது அப்பட்டமாகத் தெரியும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் "என்னமோ ஒட்டவே இல்லையே" என்று சொல்லிவிடுவார்.

அப்படியென்றால் மணல் கார்டைத் தொண்ணூறு டிகிரி படுக்க வைத்துவிடலாமே? புகைப்படத்தில் இருக்கும் மணல் ஏற்கெனவே பார்வைக் கோணத்தில் குறுகிப் போன மணல். அதைப் படுக்க வைத்தால் குறுகியது இன்னொரு முறை குறுகும். தரையில் படுக்க வைக்க வேண்டியது நேர் மேலே இருந்து பார்த்தது போன்ற படம், நம்மிடம் இருப்பது அது அல்ல.

கேமரா புரொஜக்‌ஷன் வேலைக்கு வருவது இங்கேதான். இதில் இரண்டு கேமராக்கள். ஒன்று அசல் புகைப்படம் எடுத்த இடத்திலேயே உறைந்து நிற்கும். அது படம் எடுப்பதற்குப் பதிலாக, ஸ்லைடு புரொஜக்டர் மாதிரி அந்தப் புகைப்படத்தைத் தன் முன்னால் பாய்ச்சும். முன்னால் தரைக்கு ஒரு கார்டைச் சரியான உயரத்தில், 1.6 மீட்டர் கீழே, படுக்க வைத்திருப்போம். படம் அதன் மேல் விழும்போது குறுகியதெல்லாம் தானாக விரிந்து தன் இடத்தில் உட்காரும். இரண்டாவது கேமராதான் நகர்வது. ரெண்டர் ஆவது, அதாவது இறுதிப் படமாக வெளிவருவது, அதன் பார்வை. நியூக்கில் இதற்கு புரொஜக்ட்3டி என்று ஒரு நோடு. பிளெண்டரில் யூவி புரொஜக்ட் என்ற மாடிஃபயர். இந்த முறையில் ஸ்கேல் கணக்கும் தேவையில்லை, எந்தத் தூரத்தில் கார்டை வைத்தாலும் அசல் கோணத்தில் படம் பொருந்தியே இருக்கும். சினிமாவுக்கு மேட் பெயின்டிங் (பின்னணிக் காட்சியை வரைவது) செய்கிறவர்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் போகிறார்கள்.

புரொஜக்டருக்கும் ஒரு பலவீனம் உண்டு. அது பார்த்ததை மட்டுமே பாய்ச்ச முடியும். படகு மறைத்த மணல் மீது படகின் படமே நீளமாக இழுபட்டு விழும். அதனால் தரைக்குப் பாய்ச்சும் படம் படகையும் ஆளையும் நீக்கிய கிளீன் பிளேட்டாக இருக்க வேண்டும். படகும் ஆளும் தனித்தனிக் கார்டில் தனித்தனியாக. ஆக வரைகிற வேலையில் இருந்து தப்பிக்க வழியில்லை.

புரொஜக்‌ஷன் வசதி கையில் இல்லை, நகர்வும் சின்னது என்றால் ஒரு குறுக்குவழி: ஆளை வெட்டும்போது பாதத்தோடு நிறுத்தாமல், காலடி நிழலையும் சுற்றியுள்ள ஒரு முழம் மணலையும் சேர்த்து வெட்டி, ஓரத்தை நன்றாகக் கரைத்துவிடுவது. வழுக்கல் காலடியில் இல்லாமல் கொஞ்சம் தள்ளிப் போய் மணலின் சொரசொரப்பில் கலந்துவிடும். தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள். நான் கூசாமல் செய்வேன். பளிங்குத் தரையில் மட்டும் இது எடுபடாது.

எவ்வளவு நகர்த்தலாம்?

கார்டு தட்டையானது. ஆளின் மூக்கும் பிடரியும் ஒரே தூரத்தில் இருப்பதாக அது சொல்கிறது. அந்தப் பொய் எப்போது வெளிப்படும் என்பதையும் அதே வகுத்தல் சொல்லும். பத்து மீட்டரில் நிற்பவரின் உடம்பு முப்பது சென்டிமீட்டர் தடிமன் என்று வைத்தால், அரை மீட்டர் நகர்வில் முன்பக்கமும் பின்பக்கமும் விலக வேண்டிய வித்தியாசம் 4 பிக்சல்தான். யாருக்கும் தெரியாது. கேமராவை ஐந்து மீட்டர் நகர்த்தினால் அது 40 பிக்சல் ஆகிவிடும்; அப்போது அவர் சினிமா தியேட்டர் வாசலில் நிற்கும் கட்-அவுட்தான். படகு ஆறு மீட்டர் நீளம், மூக்கை நம் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறது என்றால் அரை மீட்டர் நகர்விலேயே 9 பிக்சல் வித்தியாசம். கூர்ந்து பார்ப்பவர் கண்ணில் படலாம். படகை முன்பாதி பின்பாதியாக இரண்டு கார்டில் வைக்கலாம், அல்லது கார்டைப் படகின் நீளத்தை ஒட்டிச் சாய்த்து வைத்துப் புரொஜக்ட் செய்யலாம்.

இதில் என் கட்சி இது: லேயர் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட நகர்வைக் குறைப்பது மேல். பழைய புகைப்படங்களை இப்படி அசைக்கும் ஆவணப்படங்களில் தொண்டைக்குழி வரை தனி லேயர், காதுக்குத் தனி லேயர் என்று வெட்டி, அப்புறம் கேமராவைத் தாராளமாகச் சுற்றவிடுவதைப் பார்க்கிறோம். முகம் முகமூடி போல விரிந்து சுருங்கும். நாலு லேயர், உள்ளங்கை அகல நகர்வு, ஐந்து விநாடி, அவ்வளவில் பார்ப்பவருக்கு ஆழம் கிடைத்துவிடும்.

படம்பிடித்த ஷாட்டுக்குள் கார்டு வைக்கும்போது கேமரா நகர்வை நாம் தீர்மானிப்பதில்லை, அது ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. அங்கே முதல் வேலை மேட்ச்மூவ்: படத்தில் உள்ள புள்ளிகளைத் தொடர்ந்து கவனித்து, கேமரா எங்கே எப்படிப் போயிருக்கும் என்று மென்பொருள் கண்டுபிடிக்கும். கூடவே அந்தப் புள்ளிகள் முப்பரிமாண வெளியில் எங்கே இருக்கின்றன என்பதையும் தூவிவிட்ட பொட்டுகளாகத் தரும். புகை, கூட்டம், மரம், எரியும் தீ எதுவானாலும் அந்தப் பொட்டுகளுக்குப் பக்கத்தில் கார்டை நட்டால் ஒட்டிக்கொள்ளும். வானத்தை மாற்றும்போது மட்டும் கவனம் வேண்டும். கேமரா திரும்பினால் வானமும் சேர்ந்து விலக வேண்டும், ஆனால் கேமரா நடந்தால் விலகக் கூடாது. ஆகவே வானத்தை மிகமிகத் தூரத்தில் வைக்க வேண்டும், அல்லது கேமராவோடு சேர்ந்து இடம்பெயரும்படி, திரும்பாதபடி கட்டிவிட வேண்டும். அதை வெறும் 2டி லேயராகப் பின்னால் ஒட்டினால் கேமரா திரும்பும்போதெல்லாம் மேகம் கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர் போல ஃபிரேமோடு வரும்.

தூரத்துக்கு ஏற்ற மங்கலும் நிறமும் வேறு சங்கதி. கார்டு முப்பரிமாணத்தில் நிற்கிறது என்பதற்காக மென்பொருள் அதற்குக் காற்றைப் பூசித் தராது. தூரத்துக் கார்டின் கறுப்பைக் கொஞ்சம் வெளுக்க வைப்பது, நிறத்தை வானத்தின் பக்கம் சாய்ப்பது எல்லாம் நம் கைவேலை. ஒற்றைப் புகைப்படத்தில் இருந்து வெட்டிய லேயர்களில் அது ஏற்கெனவே இருக்கும், தொடாமல் விடலாம். நாலு இடத்தில் எடுத்த படங்களைச் சேர்க்கும்போது முதலில் பொருத்த வேண்டியதே அதுதான். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் தொடுவானத்தைச் சரிபாருங்கள். இடுப்பு உயரத்தில் இருந்து எடுத்த ஆளைக் கண் உயரத்தில் இருந்து எடுத்த தெருவில் நிறுத்தினால், இசட் எண்ணை எப்படி மாற்றினாலும் அவர் தரையில் நிற்க மாட்டார். கார்டை நகர்த்திக்கொண்டே மாலையாகிவிடும். வேறு படம் கேட்டு வாங்குவதுதான் சீக்கிரம் முடியும் வழி.